கட்டட அனுமதியைத் தீர்மானிப்பது யார்? உப்புவெளி வாசகிக்கு ஒரு நகரத் திட்டமிடலாளரின் பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உப்புவெளியில் நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் 14 பேர்ச் வளவும் வீடும் எனக்குச் சீதனமாகக் கிடைத்தவை. கீழே இரண்டு அறைகளைத் திருத்தி, மேலே நான்கு அறைகள் எழுப்பி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட எண்ணி வரைபடம் கொடுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு, ஒழுங்கையின் அகலம், வாகனத் தரிப்பிடம், கரையோரத் திணைக்களத்தின் அனுமதி, கழிவுநீர்க் குழியின் இடம் ஆகிய நான்கையும் பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து ஒழுங்கையில் மூன்று மாடி விடுதிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. "உறுப்பினர் ஒருவரைப் பிடித்தால் சபைக் கூட்டத்தில் பாஸ் பண்ணிவிடலாம்" என்கிறார்கள். உண்மையில் தீர்மானிப்பது யார்? சித்திரையில் சீசன் தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டுமென்பதால், அனுமதி வரும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த பிரதேச சபைக் கடிதத்தின் பிரதியையும், நீங்கள் கையால் வரைந்து அனுப்பிய ஒழுங்கைப் படத்தையும் ஆறுதலாகப் பார்த்தேன். நீங்கள் முக்கியமாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பத்தைச் சபைக் கூட்டம் வாக்கெடுத்துத் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது திட்டமிடல் குழு. அந்தக் குழுவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது நிராகரிப்புக் கடிதமும் அல்ல. உங்கள் காணியில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதி பொருந்தும் என்பதைக் காட்டுவதற்கு இன்னும் எவையெவை தேவை என்று அது கேட்கிறது. அந்த நான்குக்கும் ஒழுங்காகப் பதில் கொடுத்தால் உங்களுக்கு வழி திறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வேலையை மட்டும் இப்போது தொடங்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஒரு காணியில் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் ஆள்கின்றன. அவற்றுள் பழையது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். உள்ளூராட்சி மன்றத் தலைவரின் எழுத்துமூல ஒப்புதல் பெற்ற வரைபடம் இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்பது அதிலிருந்து வருகிறது. அடுத்தது, மக்கள் வாயில் யூ.டி.ஏ. என்று வழங்கும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம். அமைச்சர் வர்த்தமானி மூலம் ஒரு பிரதேசத்தை நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்திய பின், அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது என்ற ஏற்பாடு 1982 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அதில் சேர்க்கப்பட்டது. கட்டடம் எழுப்புவது மட்டுமல்லாமல், காணியைத் துண்டாடுவதும், வீடாக இருந்ததைக் கடையாகவோ விடுதியாகவோ மாற்றுவதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அபிவிருத்தி வேலைகளே. உங்களுக்கு வந்த கடிதம் அதிகார சபையின் திட்டமிடல் ஒழுங்குவிதிகளைச் சுட்டுவதால் உங்கள் விண்ணப்பம் இந்த இரண்டாவது வழியில்தான் பரிசீலிக்கப்படுகிறது. 1986 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த விதிகளுக்குப் பதிலாக 2021 இல் புதிய விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. பழைய விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் சில படவரைஞர்கள் இன்னும் அவற்றின்படியே வரைகிறார்கள். உங்கள் வரைஞர் எந்த ஆண்டு விதிகளைப் பின்பற்றினார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அதிகாரம் யூ.டி.ஏ.க்கு உரியதென்றால் பிரதேச சபை எப்படி முடிவெடுக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அச்சட்டத்தின் 23(5) ஆம் பிரிவு, அதிகார சபை தன் அதிகாரங்களை உள்ளூராட்சி மன்றத்தின் அலுவலர்களுக்குக் கையளிக்க இடம் கொடுக்கிறது. அதனால்தான் சாதாரண வீட்டு வரைபடங்களும் சிறு கட்டடங்களும் உங்கள் ஊர்ச் சபையிலேயே முடிந்துவிடுகின்றன. பெரிய கட்டடங்களும் சிக்கலான திட்டங்களும் அதிகார சபையின் அலுவலகத்துக்குப் போகின்றன. சபைக்குள் இந்த வேலையைச் செய்வதற்கு இருப்பதே திட்டமிடல் குழு. வழக்கமாகத் தவிசாளர் அதற்குத் தலைமை வகிப்பார். சபையின் செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதிநிதி ஆகியோர் அமர்வார்கள். தேவையைப் பொறுத்து வீதி அபிவிருத்தி அதிகார சபை போன்ற வேறு நிறுவனங்களின் அலுவலர்களும் அழைக்கப்படுவதுண்டு. திருகோணமலை நகர எல்லைக்குள் இருப்போருக்குச் சபை வேறு, தலைமை வகிப்பவர் வேறு. நடைமுறை ஏறக்குறைய இதுவே.

சபை உறுப்பினர்களின் வாக்கு இதில் இல்லை என்பதற்கு நம் கண்முன்னே நடந்த ஒரு சான்று உண்டு. 2023 மார்ச் மாதத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமல், செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்திலும் வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது, சில நிராகரிக்கப்பட்டன. ஆகவே "உறுப்பினரைப் பிடித்தால் கூட்டத்தில் பாஸ் பண்ணலாம்" என்று உங்களுக்குச் சொன்னவர், இல்லாத ஒரு கதவைத் தட்டச் சொல்கிறார். தவிசாளர் மக்கள் தெரிவுசெய்த அரசியல்வாதிதான்; அவருடைய செல்வாக்கு குழுவில் இருக்கவே செய்யும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் விதிக்கு முரணாக ஓர் அனுமதியை அவர் கொடுத்தாலும், அந்தத் தாள் உங்களை நெடுநாள் காப்பாற்றாது. வங்கியின் சட்டத்தரணியோ, அயலவர் தொடுக்கும் வழக்கோ, பின்னாளில் வரும் இன்னொரு குழுவோ அதைத் தோண்டி எடுக்கும். அப்போது கடனும் கட்டடமும் உங்கள் தலையில்தான் இருக்கும்.

இனி, குழு எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் நான்கு பிரச்சினைகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. அபிவிருத்தித் திட்டம் உள்ள இடங்களில் பிரதேசம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். குடியிருப்பு, வர்த்தகம், கலப்புப் பயன்பாடு, சுற்றுலா, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று வலயங்களின் பெயர்கள் இடத்துக்கிடம் மாறும். ஒவ்வொரு வலயத்திலும் இயல்பாக அனுமதிக்கப்படும் பயன்பாடுகள், நிபந்தனையுடன் அனுமதிக்கப்படும் பயன்பாடுகள், அறவே அனுமதிக்கப்படாதவை என்று வகுத்திருப்பார்கள். குழு முதலில் கேட்பது, உங்கள் காணி விழும் வலயத்தில் விருந்தினர் விடுதிக்கு இடமுண்டா என்பதையே. உங்கள் கடிதத்தில் வலயத்தைப் பற்றி ஆட்சேபம் எதுவும் இல்லை. அது நல்ல அறிகுறி. அதற்குப் பிறகு கட்டட விதிகள் வருகின்றன. உயரம், நிலத்தில் கட்டடம் மூடும் பரப்பு, முன்னும் பின்னும் விட வேண்டிய வெளி, காற்றும் வெளிச்சமும், வாகனத் தரிப்பிடம், நுழைவழி, கழிவுநீர் என்று அந்த விதிகள் நீள்கின்றன. காணித் துண்டின் ஆகக் குறைந்த அளவு பொதுவாக 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச். உங்களிடம் 14 பேர்ச் இருப்பதால் அந்த வகையில் தடையேதும் வராது.

உங்களுக்கு உண்மையாகக் கடினமாக இருக்கப்போவது ஒழுங்கை. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்குப் போதுமென்று விதிகள் ஏற்கும் நுழைவழி, பலர் வந்து தங்கிப் போகும் இடத்துக்குப் போதாது. காணி உறுதியில் ஒழுங்கையின் அகலம் 12 அடி என்று எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் உறுதியைப் பார்த்து அகலத்தை எழுதுவதில்லை. ஒழுங்கையின் வாயிலிலிருந்து உங்கள் கேற் வரை நடந்து, எங்கே ஆக ஒடுங்குகிறதோ அங்கே நாடாவைப் பிடிப்பார். உங்கள் படத்தில் அந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. மூலை வீட்டு மதில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது, எதிரே மின்கம்பம், இடையில் மிஞ்சுவது ஒன்பது அடி சொச்சம். தண்ணீர் பவுசர் பின்பக்கமாகத்தான் வர முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேல்மாடியில் எட்டுப் பேர் உறங்கும் ஓர் இரவில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியும் நோயாளர் காவு வண்டியும் அந்த ஒன்பது அடிக்குள்ளால்தான் வர வேண்டும். அகலத்தைக் கேட்பதில் குழு பிடிவாதமாக நிற்பதற்கு இதுவே காரணம். இந்த விடயத்தில் நான் குழுவின் பக்கமே நிற்கிறேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதலில், தகுதிபெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு உங்கள் காணியுடன் ஒழுங்கை முழுவதையும் அளந்து ஒரு படம் தயாரியுங்கள். மூலை வீட்டு மதில் தன் காணி எல்லைக்குள் நிற்கிறதா, ஒழுங்கைக்குள் ஏறியிருக்கிறதா என்பது அப்போது வெளிப்படும். ஏறியிருந்தால், ஒழுங்கை சபையின் பதிவேட்டில் இருக்கும் பட்சத்தில், அதைச் சீர்செய்யும் பொறுப்பு சபைக்கு உண்டு. உங்கள் உறுப்பினரை நாட வேண்டிய சரியான இடம் இதுதான். ஏறாமல் இருந்தால், ஒழுங்கை வாசிகள் கூடிப் பேசி ஆளுக்கு ஓரடி, இரண்டடி விட்டுக் கொடுத்து அதைப் படத்தில் பதிவு செய்து சபைக்குக் கையளிக்கலாம். உங்கள் முன் எல்லையிலிருந்து ஒரு பட்டியை முதலில் நீங்களே விட்டுக் கொடுப்பதாக எழுதினால் மற்றவர்களிடம் கேட்பதும் எளிதாகும். மின்கம்பத்தை நகர்த்த மின் விநியோக நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க முடியும். இவையெல்லாம் கைகூடாவிட்டால் அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நீங்கள் அதே வீட்டில் வசித்துக்கொண்டு சில அறைகளை மட்டும் விடும் திட்டமாக மாற்றிக் கேட்பதே மிஞ்சும் வழி. அது உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

வாகனத் தரிப்பிடத்துக்கு வரைபடத்தில் ஒரு திருத்தம் போதும். முன்வளவில் நீங்கள் தோட்டமாகக் காட்டியிருக்கும் இடத்தில் தரிப்பிடங்களை அளவுடன் குறித்து, வண்டி திரும்பி வெளியேறும் இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். முன்புற வேப்பமரத்தை வெட்ட வேண்டிய தேவை இல்லை. படத்தில் இடம் இருக்கிறது.

கரையோர அனுமதியைப் பற்றி நம் ஊரில் நிறையக் குழப்பம் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடல் பக்கமாக இரண்டு கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். கடலுடன் நிரந்தரமாகவோ பருவத்துக்குப் பருவமோ இணைந்த ஆறுகளும் களப்புகளும் உள்ள இடங்களில், அவற்றின் முகத்துவாரத்திலிருந்து தரைப் பக்கமாக இரண்டு கிலோமீற்றர் வரை அந்த வலயம் நீள முடியும். களப்போரங்களில் காணி வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடல் கண்ணுக்கே தெரியாத இடமும் கரையோர வலயத்துக்குள் இருக்கலாம். இந்த வலயத்தில் எந்த அபிவிருத்தி வேலைக்கும், பிரதேச சபையின் அனுமதிக்குப் புறம்பாக, கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். உங்கள் வீடு கடலிலிருந்து ஏறக்குறைய 220 மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் வலயத்துக்குள் இருக்கிறீர்கள். திணைக்களத்துக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

"சுனாமிக்குப் பிறகு 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், நான் 220 இல் இருக்கிறேன், பிறகேன் இந்த அனுமதி?" என்று நீங்கள் கேட்டிருப்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் பேரலைக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் கட்டடம் தடைசெய்யப்பட்ட பட்டியாக அறிவிக்கப்பட்டது உண்மை. மீள்குடியேற்றம் முடங்கியதால் 2005 இன் இறுதியிலேயே அது தளர்த்தப்பட்டு, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் இடத்துக்கிடம் வகுக்கப்பட்ட ஒதுக்குத் தூரங்களே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அந்த 200 மீற்றர் மக்கள் மனத்தில் மட்டும் நிலைத்துவிட்டது. ஒதுக்குத் தூரம் என்பது கட்டக்கூடாத பட்டி. 300 மீற்றர் வலயம் என்பது அனுமதி பெற்றுக் கட்ட வேண்டிய பரப்பு. நீங்கள் இரண்டாவதில் நிற்கிறீர்கள். கடலுக்கு இவ்வளவு தள்ளி, ஏற்கெனவே வீடுள்ள வளவுக்கு அனுமதி பெறுவது இயலாத காரியமல்ல. ஆனால் திணைக்களத்தின் கடிதம் இல்லாமல் திட்டமிடல் குழு கடைசி முடிவு எடுக்காது. நான்கில் இதற்குத்தான் அதிக நாட்கள் பிடிக்கக்கூடும் என்பதால் இதையே முதலில் தொடங்குங்கள்.

கழிவுநீர்க் குழியைப் பற்றிய கேள்வியை நீங்கள் சிறு விடயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நான்கிலும் பாரதூரமானதாகப் படுகிறது. உப்புவெளி மணல் நிலம். நிலத்தடி நீர் உயரத்தில் நிற்கிறது, மாரியில் இன்னும் மேலே வருகிறது. நால்வர் குடும்பத்துக்குப் போட்ட குழி, ஆறு அறைகளில் நாளுக்கு இரண்டு முறை குளிக்கும் பன்னிரண்டு பேருக்குத் தாங்காது. மணலுக்குள் விட்டது மணலுக்குள்ளாலேயே நகரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து உங்கள் கிணற்றுக் கட்டிலிருந்து குழிக்கு நாடா பிடிப்பார். பிறகு மதிலுக்கு அப்பாலுள்ள அயலவர் கிணற்றுக்கும் பிடிப்பார். வழக்கமாகக் கேட்கப்படும் 50 அடி உங்கள் கிணற்றிலிருந்து கிடைக்கிறது. ஆனால் உங்கள் வரைபடத்தில் அயலவர் கிணறு குறிக்கப்படவே இல்லை. சபை கேட்டிருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இடது பக்க வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதாகவும், அவர்கள் இன்னும் கிணற்று நீரையே குடிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழியை முன்வளவுக்கு மாற்றி, அடிப்பகுதி மூடிய தொட்டியும், அதற்குப் பின் நீரை வடிகட்டி விடும் அமைப்பும் கொண்ட ஒரு வடிவமைப்பைப் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டுப் பெறுங்கள். செலவு கூடும், ஆனாலும் உங்கள் திட்டத்தில் ஓர் ரூபாய்கூடக் குறைக்கக் கூடாத இடம் இதுவே.

பக்கத்து ஒழுங்கை விடுதிக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்பது உங்கள் மனத்தை உறுத்துகிறது. அவர்களுடைய காணி இரண்டு வீதிகள் சந்திக்கும் மூலையில் இருக்கலாம், நுழைவழி பிரதான வீதியிலிருந்து இருக்கலாம், அறைகள் குறைவாக இருக்கலாம். அல்லது அனுமதி தவறாகவும் கொடுக்கப்பட்டிருக்கலாம். அறிய வேண்டுமானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனைகளின் கீழ் அந்த அனுமதி வழங்கப்பட்டது என்று கேட்பது போதும். 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்குத் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன்பின் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தவறாக அனுமதி கொடுத்திருந்தால், அதைக் காட்டி உங்களுக்கும் அவ்வாறே தர வேண்டுமென்று நீங்கள் கோர முடியாது. சமத்துவ உரிமை சட்டவிரோதத்துக்கு நீளாது என்பதையே நம் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. அந்தத் தகவலால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பயன் வேறு. உங்களை ஒத்த ஒரு காணியில் குழு எந்த நிபந்தனைகளை விதித்து ஏற்றுக்கொண்டது என்பது தெரிந்தால், அதே நிபந்தனைகளை நீங்களும் முன்வந்து ஏற்பதாக எழுதலாம்.

உங்கள் வரைஞர் சொன்னதாக எழுதியிருந்த யோசனையை வாசித்தபோது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. "வீடு என்று பிளானைப் போட்டு பாஸ் எடுத்துக்கொண்டு, பிறகு விடுதியாக நடத்துங்கள், எல்லாரும் அப்படித்தான்" என்றாராம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அனுமதிப்பத்திரம் எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே செல்லும். கட்டி முடித்த பிறகு, கட்டடம் அனுமதித்த வரைபடத்துக்கு இணங்க இருக்கிறதா என்று பார்த்தே சபை இணக்கச் சான்றிதழைத் தருகிறது. சீ.ஓ.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் விடுதியைப் பதிவு செய்யப் போகும்போதும், வங்கியில் கடனுக்குப் போகும்போதும் கட்டட அனுமதியும் அந்தச் சான்றிதழும் கேட்கப்படும். வீட்டுக்குரிய சான்றிதழைக் கொண்டுபோய் விடுதியைப் பதிவு செய்ய முடியாது. இதைவிடப் பெரிய கேடு, இந்தப் பழக்கத்தால் ஒழுங்கையின் அகலமும் கிணற்றுத் தூரமும் பார்க்கப்படாமலே நம் கரையோரம் முழுவதும் விடுதிகள் எழும்பிவிட்டன. அதன் விலையை அயலவர்கள் தங்கள் கிணற்று நீரில் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அனுமதிக்கு முன் வேலையைத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அனுமதியின்றியோ அனுமதிக்கு முரணாகவோ நடக்கும் வேலையை நிறுத்தவும், முந்திய நிலைக்குக் கொண்டுவரவும், இடிக்கவும் எழுத்துமூலம் அறிவித்தல் கொடுக்க 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28அ பிரிவு இடமளிக்கிறது. அறிவித்தலுக்கு இணங்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறப்படும். அந்த நிலையில், கட்டடம் அனுமதியுடன் எழுப்பப்பட்டது என்று காட்ட உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. அபராதக் கட்டணம் செலுத்தி, கட்டிய பிறகு கொடுக்கப்படும் பின்னேற்பு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது விதிகளுக்கு ஏற்கெனவே பொருந்தும் கட்டடத்துக்கு மட்டுமே கிடைக்கும். ஒன்பதடி ஒழுங்கையில் கட்டிய விடுதிக்குக் கிடைக்காது. கரையோர வலயத்தில் அனுமதியின்றிக் கட்டினால் கரையோரத் திணைக்களத்துக்கும் தனியாக அதிகாரம் உண்டு. கீழே உள்ள இரண்டு அறைகளுக்குச் சாயம் பூசுவது, கதவு யன்னல் மாற்றுவது, ஓடு திருத்துவது போன்ற பராமரிப்பு வேலைகளை மட்டும் செய்துகொள்ளுங்கள். அத்திவாரத்துக்கு மண் வெட்டாதீர்கள். இந்தச் சித்திரைக்கு மேல்மாடி முடியாது என்பதை ஏற்றுக்கொள்வதே நல்லது. ஐப்பசிக்குப் பிறகு மழை கொட்டத் தொடங்கினால் இங்கே கொங்கிரீற் வேலை எப்படியும் இழுபடும்.

உறுப்பினர்களுக்கு இதில் வேலையே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்கையை அகலமாக்குவது, வடிகால் அமைப்பது, துணைவிதிகள் இயற்றுவது, வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவது ஆகியவை சபையின் கையிலேயே இருக்கின்றன. அவற்றை விட முக்கியமானது, அபிவிருத்தித் திட்டம் வரையப்படும் கட்டம். திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு 60 நாட்கள் வைக்கப்படும்; எவரும் எழுத்தில் ஆட்சேபமும் ஆலோசனையும் கொடுக்கலாம். எந்த ஒழுங்கை குடியிருப்பாக இருக்கும், எங்கே விடுதிகள் வரலாம், கோயிலைச் சுற்றியும் கோட்டையைச் சுற்றியும் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. பிறகு திட்டமிடல் குழு அந்த முடிவுகளை ஒவ்வொரு காணிக்கும் பொருத்திப் பார்க்கிறது. திருகோணமலையில் துறைமுக அதிகார சபை, படையினர், தொல்பொருள் திணைக்களம், வனத் திணைக்களம் ஆகியவற்றின் கைகளில் பெருநிலம் இருக்கிறது. மக்களுக்கென்று மிஞ்சும் நிலத்தை எப்படிப் பயன்படுத்துவதென்ற வரைவு வரும்போது நம்மவர்கள் அதைப் போய்ப் பார்ப்பதில்லை. வரைபடம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் சபைக்கு ஓடுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பற்றி ஒருமுறை பேசுங்கள். உங்கள் சொல்லைக் கேட்பார்கள்.

எல்லாம் கொடுத்த பிறகும் குழு மறுத்தால், காரணங்களை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எந்த விதிக்கு முரண் என்று குறிப்பிடாத மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். முதலில் சபைக்கும், அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் எழுதலாம். அதற்கும் பலனில்லாவிட்டால் எழுத்தாணை மனு, அதாவது அந்த முடிவை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு, உண்டு. அதை மாகாண மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதா, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதா என்பது முடிவு எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதைச் சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள். ஆனால் மாதக்கணக்கில் தாமதித்துப் போகாதீர்கள். தாமதமே மனுவைத் தள்ளுபடி செய்யக் காரணமாகலாம். அனுமதிக்காக எவரேனும் பணம் கேட்டால், அது அலுவலராக இருந்தாலும் இடைத்தரகராக இருந்தாலும், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே கரையோரத் திணைக்களத்துக்கு விண்ணப்பத்தைப் போட்டு, அதன் பற்றுச்சீட்டுப் பிரதியை இணைத்துச் சபைக்கு ஓர் இடைக்காலப் பதில் எழுதுங்கள். நில அளவைப் படத்துக்கும் திருத்திய வரைபடத்துக்கும் எவ்வளவு நாள் தேவை என்பதைக் குறிப்பிட்டு, அதுவரை உங்கள் விண்ணப்பக் கோவையை மூடாமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே நாளில் இடத்தைப் பார்க்க வர முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேட்கலாம். பல நேரங்களில் இணங்குவார்கள். அவர்கள் வரும் நாளில் நில அளவையாளரும் உங்களுடன் நிற்கட்டும். கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் சபையின் திகதி முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.